தோட்டாவுக்குள் இலவம் பஞ்சு

போடிநாயக்கனூர்ப் பக்கம் காய்த்து வெடித்து, அம்பாசமுத்திரம் மெத்தைக் கடை வரைக்கும் மூட்டை மூட்டையாக வந்து தலையணைக்குள் போகிறதே இலவம் பஞ்சு, அதே பஞ்சை ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் சிலர் ரைபிள் தோட்டாவுக்குள் அடைக்கிறார்கள். பித்தளைக் கூட்டில் அளந்து மருந்து போடுகிறார்கள். அதன் மேல் ஒரு சிட்டிகைப் பஞ்சு. அதற்கு மேல் ஈயக்குண்டு. நூறு வருஷத்துக்கு முந்தைய பிரிட்டிஷ் இரட்டைக்குழல் ரைபிள்களை இன்றைக்கும் சுட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இது ஒரு பழகிய முறை. கிரேம் ரைட் என்கிற ஆஸ்திரேலியர் இந்த ரைபிள்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இப்படி அடைப்பதைப் பற்றி விரிவாகவே பேசுகிறார்.

எதற்கு இந்தப் பஞ்சு? கூடு பெரிசு, மருந்து கொஞ்சம். மிச்சம் இருக்கிற காலி இடத்தை எதையாவது வைத்து நிரப்ப வேண்டியிருக்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் இந்தக் காலி இடத்தை என்ன செய்வதென்று பக்கம் பக்கமாக வாதாடுவதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கடையத்துப் பெரியப்பாதான் ஞாபகத்துக்கு வருவார். அவர் ரைபிளைத் தொட்டதே இல்லை. அவரிடம் இருந்தது வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி. உரிமத்தில் 'பயிர்ப் பாதுகாப்பு' என்று எழுதியிருக்கும். ஆனால் இந்த வாதத்தின் மூல விஷயம் அவருக்குக் கைப்பழக்கமாகவே தெரிந்திருந்தது. நம்ம தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் அப்படித் தெரிந்தவர்கள் ஊருக்கு நாலு பேர் இருந்தார்கள். அவர்களோடு அந்த அறிவும் போய்க்கொண்டிருக்கிறது. அதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியதால்தான் இந்தப் பதிவு.

முன்னாலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். எந்த மருந்து எவ்வளவு என்கிற அளவு எதுவும் இதில் வராது. இங்கே உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனையே 7 வருஷம். நான் எழுதுவது ஒரு துப்பாக்கிக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி மட்டும்.

பெரியப்பா கெட்டிக்கிறதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். துப்பாக்கியைத் திண்ணைத் தூணில் சாய்த்து நிறுத்துவார். கட்டை தரையில், குழல் வாய் மேலே, ஆனால் முகத்துக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் விலகி. முதலில் கம்பியை வெறும் குழலுக்குள் விட்டு, வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பார். அந்தக் கம்பியில் அரத்தால் தேய்த்த ஒரு வெட்டுக்குறி உண்டு. குறி வாய்க்கு நேராக நின்றால் குழல் காலி. குறி மேலே தெரிந்தால் முன்பே யாரோ கெட்டித்து வைத்திருக்கிறார்கள். அது தெரியாமல் இன்னொரு தடவை மருந்து போட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பிறகு மருந்து. ஒரு சின்ன பித்தளை மூடியால் அளந்து கொட்டி, குழலை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டுவார். மருந்து அடியில் போய்ச் சேரும். அடுத்தது நார். புது நார் ஆகாது, முரடாக இருக்கும். கிணற்றுக் கயிறு இற்றுப் போனதும் அதைப் பிரித்து, கல்லில் தட்டி, தூசியை உதறி, வெயிலில் காய வைத்து ஒரு தகர டப்பாவில் வைத்திருப்பார். அதில் கொஞ்சம் பிய்த்து உள்ளங்கையில் உருட்டி, குழல் வாய்க்குச் சற்றே பெரிசாக ஒரு உருண்டை. விரலால் அழுத்தினால் உள்ளே போக வேண்டும், ஆனால் சும்மா விட்டால் விழக்கூடாது. அதைக் கம்பியால் தள்ளித் தள்ளி அடி வரைக்கும் கொண்டுபோவார். அடியில் போய்ச் சேர்ந்ததும் கம்பியை ஒரு சாண் தூக்கி விடுவார். கம்பி 'ணங்' என்று ஒரு துள்ளு துள்ளி மேலே வரும்.

"கம்பி துள்ளணும்ல. துள்ளுனாத்தான் கெட்டி. சொத்துன்னு நின்னுச்சுன்னு வையி, நாரு நடுவுல எங்கயோ சோம்பி நிக்குன்னு அர்த்தம். அப்படியே போட்டியன்னா குழலு வயிறு ஊதிரும்."

அதற்கு மேல் ரவைகள். அதற்கு மேல் ரவை உருண்டு வெளியே வராமல் இருக்க இன்னொரு சின்ன நார் உருண்டை, அதற்கு லேசான அழுத்தம் போதும். கடைசியில்தான் கேப்பு, மருந்துக்குத் தீ கொடுக்கிற சின்ன மூடி. காட்டுக்குப் போய்ச் சேர்கிற வரைக்கும் கேப்பு மடியிலேயே இருக்கும்.

பன்றியை வெறுமனே மிரட்டி விரட்டப் பாதி மூடி மருந்து போதும் என்பார். ரவையே போடாமல் மருந்தும் நாருமாகக் கெட்டித்து, வரப்பில் நின்று ஆகாயத்தைப் பார்த்து ஒரு சத்தம். எவ்வளவு குறைத்துப் போட்டாலும் அவருக்கு ஒரு சிக்கலும் வந்ததில்லை. ஏன் என்பதை நான் பிற்பாடு தோட்டாவைப் பற்றிப் படித்த பிறகுதான் புரிந்துகொண்டேன். நாட்டுத் துப்பாக்கியில் மருந்து அறை என்று நிரந்தரமாக ஒன்று கிடையாது. மருந்து எந்த உயரம் வரை நிற்கிறதோ, அதுவரைக்கும்தான் அறை. மருந்தைக் குறைத்தால் கம்பி இன்னும் கொஞ்சம் கீழே போகும், நாரும் கூடவே போய் மருந்தின் தலையில் உட்கார்ந்துகொள்ளும். அறை தானாகச் சுருங்கிவிடுகிறது. தோட்டாவில் இது முடியாது. பித்தளைக் கூட்டின் கொள்ளளவு தொழிற்சாலையில் முடிவான ஒன்று. குண்டு உட்காருகிற இடமும் அப்படியே. மருந்தைப் பாதியாக்கினால் மீதிப் பாதி காலியாகத்தான் கிடக்கும். கம்பி செய்த வேலையைக் கூட்டுக்குள் செய்ய ஒன்று வேண்டும். பஞ்சு போட்டாலும், அட்டை போட்டாலும், வேறு எதைப் போட்டாலும், எல்லாம் அந்தக் கம்பிக்கு மாற்றுத்தான்.

நம்ம பக்கத்தில் இந்தக் கம்பி வித்தை எவ்வளவு பழசு என்று யோசித்தால் பாளையக்காரர் காலத்துக்குப் போக வேண்டும். பாஞ்சாலங்குறிச்சியில் 1799 செப்டம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனித் தளபதி பானர்மேனின் படையை எதிர்கொண்டவர்களிடமும், பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து ஊமைத்துரை தப்பி வந்து 1801இல் மறுபடி எழுப்பிய கோட்டையில் நின்றவர்களிடமும் வேலும் ஈட்டியும் போலவே திரித்துப்பாக்கிகளும் இருந்தன. மருந்து, அடைப்பு, குண்டு, அதைக் கெட்டிக்க ஒரு கம்பி என்கிற ஒழுங்கு அன்றைக்கும் அதேதான். கோட்டை 1801 மே மாதம் விழுந்தது. அந்த வருஷம் டிசம்பர் 1ஆம் தேதி கம்பெனியின் சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். பாளையக்காரர் கோட்டைகள் இடிக்கப்பட வேண்டும், ஜனங்கள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்தில் இந்தக் கதை விரிவாக வருகிறது. லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் நாடு முழுக்க வந்தது 1878இல். அதற்கு 77 வருஷம் முன்பே நம்ம சீமையில் ஆயுதம் பறிபோய்விட்டது. அதற்கப்புறம் இந்தப் பள்ளத்தாக்கில் சாதாரண ஜனங்களிடம் மிஞ்சியது பயிர்க்காவலுக்கு என்று எழுதிக் கொடுத்து வாங்குகிற ஒற்றைக்குழல்தான். தேர்தல் அறிவித்தால் அதையும் கொண்டுபோய்க் காவல் நிலையத்தில் ஒப்படைத்துச் சீட்டு வாங்கி வர வேண்டும். பெரியப்பா அந்தச் சீட்டை ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்திருப்பார்.

நார் உருண்டை செய்கிற வேலையை இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். கொடைக்கு வேட்டுப் போடுகிறவர்களைக் கேளுங்கள். சுடலைமாடன் கோயில் கொடையில் கனத்த இரும்புக் குழாயை மண்ணில் ஊன்றி, மருந்தை இட்டு மேலே அடைத்து இறுக்கித் திரியில் தீ வைப்பார்கள். நாஞ்சில் நாட்டுப் பக்கம் இதையே கதினா என்பார்கள். அதில் குண்டு கிடையாது. சத்தம் வருவதெல்லாம் அந்த அடைப்பின் இறுக்கத்தினால். மூடாமல் கொட்டி வைத்த கரிமருந்தில் தீப்பட்டால் 'புஸ்' என்று புகைந்து எரியும், அவ்வளவுதான். அதையே இறுக்கி அடைத்தால் ஊர் அதிர்கிறது. வாயு தப்பிப் போக வழி இல்லாமல் நிற்கிற அந்த நொடியில்தான் அழுத்தம் ஏறுகிறது. துப்பாக்கியில் நார் உருண்டை செய்வதும் இதுவே. குண்டுக்கும் குழலுக்கும் நடுவில் இருக்கிற சந்து வழியாக வாயு கசிந்து முன்னால் ஓடாமல் மறிக்கிறது.

நார் தீப்பிடித்துப் புகைந்துகொண்டே போய் விழும் என்பதையும் சொல்ல வேண்டும். வைக்கோல் படப்பு இருக்கிற திசையில் பெரியப்பா ஒருநாளும் சுட்டதில்லை. லண்டனில் ஷேக்ஸ்பியர் நாடகங்கள் நடந்த குளோப் அரங்கம் 1613 ஜூன் 29ஆம் தேதி எரிந்து சாம்பலானது இதனால்தான். நாடகத்தில் ராஜா வருகிற காட்சிக்குப் பீரங்கி முழக்கினார்கள். குண்டு இல்லை, மருந்தும் அடைப்பும் மட்டும். அடைப்பு கூரையில் போய் விழுந்தது. கூரை வைக்கோல்.

இனி தோட்டா. பித்தளைக் கூடு வந்த புதிதில் இந்தக் காலி இடப் பிரச்சினையே கிடையாது. உள்ளே போனது கரிமருந்து. அதற்குச் சக்தி குறைவு, அளவு நிறைய வேண்டும், ஆகவே கூட்டைக் கழுத்து வரைக்கும் நிரப்பிக் குண்டை அழுத்தி வைத்தார்கள். பிரிட்டிஷ் ராணுவம் 1888இல் எடுத்துக்கொண்ட .303 தோட்டாகூட ஆரம்பத்தில் அழுத்திய கரிமருந்தோடுதான் வந்தது. 1891 வாக்கில் கார்டைட் வந்ததும் கதை மாறிற்று. புகையில்லாத மருந்து. கொஞ்சம் போட்டாலே போதும். நீலகிரியில் அருவங்காட்டில் 1903இல் நிறுவிய தொழிற்சாலை இந்தக் கார்டைட்டுக்காகவே வந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் ஊட்டிக்குப் போகிறவர்கள் அருவங்காடு நிலையத்தைத் தாண்டித்தான் போகிறார்கள்.

கார்டைட் பொடி இல்லை, குருணையும் இல்லை. சேமியா மாதிரி நீள நீளமான இழைகள். அவற்றைக் கட்டாகக் கூட்டுக்குள் செருக வேண்டும். கழுத்து ஒடுங்கிய பிறகு கட்டு உள்ளே போகாது. அதனால் .303 கூட்டைக் கழுத்து ஒடுக்காமல் நேர்க்குழாயாக வைத்து, இழைக்கட்டைச் செருகி, பிறகுதான் கழுத்தை ஒடுக்கினார்கள். அதற்கு மேல் மெழுகு போலப் பளபளப்பாக்கிய அட்டையில் வெட்டிய ஒரு சின்ன வட்டு. அதன் மேல் குண்டு. கார்டைட்டின் வெப்பம் குண்டின் அடியைத் தின்றுவிடாமல் காக்கவும், இழைகள் இடம் மாறாமல் நிற்கவும் அந்த வட்டு. பழைய .303 தோட்டாவை அறுத்துக் காட்டுகிற படங்களில் அதைத் தெளிவாகப் பார்க்கலாம். நம்ம ஊர்க் காவலர்கள் பல தலைமுறையாகத் தோளில் சுமந்த தோட்டாவுக்குள் பெரியப்பாவின் நார் உருண்டைக்கு ஒரு தம்பி இருந்திருக்கிறான் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

.303ஐ வெள்ளைக்கார அரசாங்கம் சாதாரண ஜனங்கள் கையில் கொடுக்கவில்லை, ராணுவத் தோட்டா என்பதால். அதனால்தான் .315 என்கிற தனி அளவு இங்கே பரவிற்று. இஷாப்பூர் தொழிற்சாலை இன்றைக்கும் அந்த அளவில் ரைபிள் செய்கிறது. காவலர்களுக்கும் சிறைக் காவலுக்கும் என்று பழைய .303 ரைபிளின் குழலை மாற்றி, ஒரு நேரத்தில் ஒரே தோட்டா போடுகிற மாதிரி .410 மஸ்கட் ஆக்கினார்கள். கழுத்தை ஒடுக்காத .303 கூடுதான் அதற்குத் தோட்டா. யார் எவ்வளவு தூரம் சுடலாம் என்பதைக்கூட அதிகாரத்தில் இருந்தவர்கள் குழலின் அளவால் முடிவு செய்திருக்கிறார்கள்.

ஜமீன் வீட்டு ரைபிள்களுக்கு வருகிறேன். இலவம் பஞ்சு இங்கேதான் வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் செய்து இந்தியக் காடுகளுக்கும் வந்த .450, .500 எக்ஸ்பிரஸ் ரைபிள்களின் கூடு விரல் நீளத்துக்கு மேல் இருக்கும், கரிமருந்துக்காகச் செய்தது. கார்டைட் வந்த பிறகு இந்தப் பழைய ரைபிள்களை வைத்திருந்தவர்களுக்காக, குழல் தாங்குகிற அளவுக்குக் குறைத்த புகையில்லா மருந்து போட்டுத் தனித் தோட்டா விற்றார்கள். அதாவது பெரிய கூடு, சின்ன மருந்து. மிச்ச இடத்தை அடைப்பு வைத்து நிரப்பினார்கள். இங்கிலாந்தின் கைனாக் கம்பெனி இந்தப் பெரிய தோட்டாக்களை எல்லாம் 1960களின் இறுதியையொட்டி நிறுத்திவிட்டது. ரைபிள் இருக்கிறது, தோட்டா இல்லை. வெளிநாட்டில் இப்படி நின்றவர்கள்தான் வீட்டு மேஜையில் உட்கார்ந்து தாங்களே தோட்டா கெட்டிக்கத் தொடங்கினார்கள். காலியிடத்துக்குப் பஞ்சு தேடியதும் அவர்கள்தான்.

இங்கே அந்தக் கதை வேறு மாதிரி முடிந்தது, முடிந்ததும் நல்லதே. சிங்கம்பட்டி ஜமீனின் மலைக்காடுகளில் 8,000 ஏக்கருக்கு மேல் 1929இல் பம்பாய் பர்மா கம்பெனிக்குக் குத்தகையாகப் போய் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் ஆயிற்று. முண்டந்துறை 1962இல் சரணாலயம். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டைக்குக் கடிவாளம் போட்டது. களக்காடு 1976இல் சரணாலயம் ஆகி, 1988இல் இரண்டும் சேர்ந்து புலிகள் காப்பகம் ஆனது. கடைசியாகப் பட்டம் கட்டிய சிங்கம்பட்டி ராஜா முருகதாஸ் தீர்த்தபதி 2020 மே மாதம் காலமானார். அந்தக் காட்டில் ஒரு ரைபிள் இனி வெடிக்கவே வேண்டாம் என்பதுதான் என் எண்ணமும். துப்பாக்கியின் உள்வேலையில் எனக்கு இருக்கிற ஆசைக்கும் வேட்டைக்கும் சம்பந்தம் இல்லை.

சரி, கூட்டுக்குள் பஞ்சு என்னதான் செய்கிறது? குறைந்த மருந்து போட்ட தோட்டாவைப் படுக்கை வசத்தில் பிடித்தால் மருந்து கூட்டின் அடிப்பக்கச் சுவரில் ஒரு படிவாகக் கிடக்கும். கேப்பிலிருந்து கிளம்புகிற தீ அதற்கு மேலே பாய்ந்து போகும். குழலை மேல் நோக்கித் தூக்கிவிட்டுச் சுட்டால் மருந்து கேப்புப் பக்கம் சேர்ந்திருக்கும். கீழ் நோக்கிச் சாய்த்துவிட்டுச் சுட்டால் குண்டின் பக்கம் போய்விடும். ஒரே மருந்து, ஒரே குண்டு, ஆனால் ஒவ்வொரு தடவையும் வேகம் வேறு. புகையில்லா மருந்துக்கு இன்னொரு குணமும் உண்டு. அழுத்தம் ஏற ஏறத்தான் அது வேகமாக எரியும். ஆரம்ப அழுத்தம் சரியாக வரவில்லை என்றால் பாதி எரிந்தும் எரியாமலும் குழலில் துகள் துகளாக மிச்சம் கிடக்கும். மோசமான நிலையில் குண்டு குழலின் நடுவிலேயே சிக்கி நின்றுவிடும். பஞ்சு மருந்தைக் கேப்போடு அணைத்துப் பிடித்துக்கொள்கிறது. இலவம் பஞ்சின் இழை உள்ளே காலியானது, அதனால் கனமே இல்லை. அந்த மிதக்கிற குணத்துக்காகத்தான் ஒரு காலத்தில் கப்பல்களின் உயிர்காப்பு அங்கிகளில் அதை அடைத்தார்கள். கனம் இல்லாதது இங்கே மிக முக்கியம். ஏனென்றால் கூட்டுக்குள் வைப்பதெல்லாம் குண்டோடு சேர்ந்து முன்னால் தள்ளப்பட வேண்டிய சுமை. சுமை ஏறினால் அழுத்தம் ஏறும்.

அமெரிக்காவில் சிலர் உப்புமா ரவையையே போடுகிறார்கள். சிலர் செயற்கை இழை, சிலர் நுண்ணிய பிளாஸ்டிக் மணி. கழுத்து ஒடுங்காத நேர்க்கூட்டில் இந்த உப்புமா ரவை ஓரளவுக்குச் சமர்த்தாக வெளியே போய்விடும். .303 போலக் கழுத்து ஒடுங்கிய கூட்டில் அந்தக் குருணை தோள்பட்டையில் வந்து நெருக்கிக் கட்டியாகும், அழுத்தம் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. ஈரம் பட்டாலும் அப்படியே கட்டியாகும். நம்ம ஐப்பசி மழையை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எல்லாவற்றிலும் அபாயம் எது தெரியுமா? பார்வைக்கு ஒழுங்காகத் தெரிகிற முறைதான். மருந்தின் தலையில் ஒரு அட்டை வட்டை இறுக்கமாக வைத்து அழுத்திவிட்டு, அதற்கும் குண்டுக்கும் நடுவில் காலி இடம் விடுவது. மருந்து நகராது, வேலை முடிந்தது என்று தோன்றும். கேப்பு வெடித்ததும் அந்த வட்டு தனியாகக் கிளம்புகிறது. காலி இடத்தில் அதைத் தடுக்க ஒன்றும் இல்லை, வேகம் எடுத்துவிடுகிறது. எதிரே குண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. வட்டு போய் அதன் அடியில் மோதி நிற்க, பின்னால் வருகிற வாயு எல்லாம் அந்த ஒரே இடத்தில் முட்டி நெருக்குகிறது. கண நேரம்தான். அந்தக் கண நேரத்தில் எஃகு வெளிப்பக்கம் பிதுங்கி, குண்டின் அடி இருந்த இடத்துக்கு நேராக, தோட்டா உட்காருகிற அறையின் சுவரில் ஒரு வளையம் விழுகிறது. அமெரிக்காவில் பழைய ஷூட்ஸென் பந்தய ரைபிள்களை ஆராய்ந்த சார்லஸ் டெல், வேண்டுமென்றே சோதனைக் குழல்களில் வளையம் விழ வைத்துப் பார்த்து இந்த அடைப்பு வட்டுதான் குற்றவாளி என்று காட்டினார். அடைப்பு வைத்தால் காலி இடம் கொஞ்சமும் மிஞ்சாதபடி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வைக்கவே கூடாது. பஞ்சு குண்டின் அடி வரைக்கும் நிரம்பி நிற்க வேண்டும் என்று அனுபவசாலிகள் அடித்துச் சொல்வது இதனால்தான்.

இப்போது பெரியப்பா சொன்னதை மறுபடி படியுங்கள். நார் நடுவில் சோம்பி நின்றால் குழல் வயிறு ஊதும். மருந்துக்கும் அடைப்புக்கும் நடுவில் இடைவெளி விட்டு வெடித்தால் அடைப்பும் ரவையும் நிற்கிற இடத்தில் குழல் பிதுங்கும் என்பதைத்தான் அவர் சொன்னார். அங்கே கூட்டின் அறையில் வளையம், இங்கே குழலின் நடுவில் வீக்கம். இரண்டும் ஒரே நோய். நாட்டுத் துப்பாக்கியின் குழல் பல இடங்களில் ஒரு உள்ளூர்ப் பட்டறையில் செய்தது, அதனால் வீக்கத்தோடு நிற்காமல் பிளந்தும் விடும். கை விரல் போனவர்களை மலையடிவார ஊர்களில் பார்க்க முடியும். மருந்து அதிகம் போட்டுவிட்டான் என்றுதான் ஊர் பேசும். அப்படிச் சொல்லப்படுகிற விபத்துகளில் கணிசமானவை மருந்து அதிகமானதால் வந்தவை அல்ல, கம்பி துள்ளுகிறதா என்று பார்க்காததால் வந்தவை என்றுதான் நான் நினைக்கிறேன்.

குறைத்துப் போட்டால் பத்திரம் என்கிற நினைப்பே தோட்டா விஷயத்தில் தப்பு. மெதுவாக எரிகிற ரகப் புகையில்லா மருந்தைப் பெரிய கூட்டில் மிகவும் குறைத்துப் போட்டுத் துப்பாக்கி சிதறிய சம்பவங்கள் உண்டு. சோதனைக் கூடத்தில் அதை நினைத்தபடி மறுபடி நிகழ்த்திக் காட்டுவது கடினமாக இருக்கிறது, அதனால் காரணத்தைப் பற்றி இன்னும் சர்ச்சை. மருந்து உற்பத்தியாளர்கள் தங்கள் கையேடுகளில் இத்தகைய மருந்துக்கு இதற்குக் கீழே போகாதே என்று குறைந்தபட்ச அளவையும் அச்சிடுவது இதற்காகத்தான்.

பன்னிரண்டு போர் தோட்டா வைத்திருப்பவர்கள் இந்த அடைப்பைக் கையால் தொட்டே பார்த்திருப்பார்கள். பழைய தோட்டாவில் மருந்துக்கு மேல் ஒரு அட்டை, அதற்கு மேல் எண்ணெய் ஏறிய கனமான கம்பளி வட்டு, அதற்கு மேல் ரவை, கடைசியில் மூடி அட்டை. இப்போது பிளாஸ்டிக்கில் ஒரே கிண்ணமாக வந்துவிட்டது. கட்கி தொழிற்சாலையின் சக்திமான் தோட்டா வாங்கிச் சுட்ட வயல்களில், அறுவடைக்குப் பிறகு அந்த வட்டுகள் வரப்போரம் கிடக்கும். சின்ன வயசில் நாங்கள் அதைப் பொறுக்கி வண்டிச் சக்கரம் செய்வோம்.

இப்போது காட்டுப்பன்றியை விரட்டும் பொறுப்பு அநேகமாக வனத்துறையிடம் போய்விட்டது. பெரியப்பாக்களின் துப்பாக்கிகள் உரிமம் புதுப்பிக்காமல் ஒப்படைக்கப்படுகின்றன, அல்லது வாரிசுப் பெயருக்கு மாறி அட்டத்தில் கிடக்கின்றன. அப்படி உங்கள் வீட்டில் உரிமத்தோடு ஒன்று இருந்தால், புதுப்பிக்கப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். உரிமம் பெற்ற துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் கொடுத்துக் குழலைச் சோதிக்கச் சொல்லுங்கள். கெட்டித்த மருந்து உள்ளேயே கிடக்கிறதா என்பது முதல் கேள்வி. கரிமருந்து வருஷக் கணக்கில் கிடந்தாலும் உயிரோடுதான் இருக்கும், அதனால் அதை வீட்டில் நீங்களே தோண்டி எடுக்க வேண்டாம். குழல் காலி என்று உறுதியான பிறகு அவரையே குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல குழலின் உள்சுவரில் ஒளி ஒரே சீராக ஓடும். எங்காவது கறுப்பாக ஒரு வளையம் குறுக்கே தெரிந்தால், அதே இடத்தில் வெளிப்பக்கம் கட்டை விரலை வைத்து மெதுவாக நகர்த்திப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடுகூட விரலுக்குத் தெரியும். மேடு இருந்தால் அந்தக் குழல் இனி ஒருபோதும் வெடிக்கக் கூடாது, எவ்வளவு குறைந்த மருந்தானாலும் சரி.